கீறலுக்குள் பச்சை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய தொடர்மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் சிவானந்தன் இருந்தார். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மழை. கரண்ட் இல்லை, ஆகவே லிப்டும் இல்லை.

படியேறினேன். முதல் மாடியில் யாரோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் மாடியில் சாம்பிராணி. மூன்றாம் மாடியில் நனைந்த கால்மிதி. இவையெல்லாம் வெள்ளவத்தையில் எதிர்பார்க்கக்கூடிய வாசனைகள்.

நான்காம் மாடியில் மண் மணத்தது.

மழை விழுந்த மண்ணின் மணம் அல்ல அது. ஆழத்தில் தோண்டி எடுத்த மண்ணின் மணம். குளிர்ந்து, வேர் அழுகியது போல். சுற்றிப் பார்த்தேன். கீழே முழுதும் சீமெந்து. ஒரு பூச்சாடிகூட இல்லை.

இவ்விடத்தில் சிவானந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே கொழும்புத் தமிழ் நாணயவியல் பேரவையைத் தொடங்கினார். அதன் ஸ்தாபகத் தலைவர், ஆயுட்காலத் தலைவர், நடப்புத் தலைவர் மூன்றும் அவரே. உபதலைவர் பதவி மட்டும், தகுதியானவர் கிடைக்காத காரணத்தால், காலியாக இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலி வீதியில் ஒரு சைவக் கடையின் மேல்மாடியில் கூடுவோம். தலைவர் ரோமப் பேரரசைப் பற்றி உரையாற்றுவார். நாங்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருப்போம். உரை முடியுமுன் வடை வரக்கூடாது என்பது பேரவையின் எழுதப்படாத யாப்பு விதி.

பேரவையில் எனக்குப் பதவி கிடையாது. ஆனால் வேலை இருந்தது. உளி பட்ட காசைப் பிடிப்பது.

ரோமக் காசு பழையதானால் முகம் தேயும். முதலில் மூக்குப் போகும், பிறகு புருவம், பிறகு தலைமயிர். தேய்ந்த முகத்தைக் காட்டிப் பெருமையடிக்க முடியாது என்று கவலைப்படும் ஒருவர் சிற்றுளியோ கூரான ஊசியோ எடுத்து, போன மயிரைத் திரும்பவும் கீறி விடுவார். காசு அசல், முகம் பொய். பிடிப்பது கடினமல்ல. கன்னமும் கழுத்தும் எழுபது வயதுக்குத் தேய்ந்திருக்கும், தலைமயிர் மட்டும் நேற்று நட்டது போல் நிற்கும். லென்ஸை வைத்துப் பார்த்தால் கீறலின் அடியில் உலோகம் பளபளக்கும். சிலர் அதை மறைக்கப் பச்சை பூசுவார்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒற்றினால் பச்சை பஞ்சுக்கு வந்துவிடும், பெருமை காற்றோடு போய்விடும். அந்தக் காற்றுப் போகும் சத்தத்தில் எனக்கு ஒரு ருசி உண்டு.

ஒருமுறை அது தலைவருக்கே நடந்தது.

சில மாதங்களே ஆண்ட, பெயர் வாயில் நுழையாத ஒரு கலகக்காரச் சக்கரவர்த்தியின் காசு என்று சொல்லி, ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவில் ஒரு வெண்கலக் காசைப் பட்டுத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். ஆசியாவிலேயே இது ஒன்றுதான் என்றார். நான் லென்ஸை எடுத்தேன். மொட்டையாகத் தேய்ந்த ஏதோ ஒரு சில்லறைக் காசில் யாரோ ஊசியால் புது முகம் கீறியிருந்தார்கள். கலையில் குறைவில்லை. நெற்றி, மூக்கு, மயிர்ச் சுருள் எல்லாம் உயிரோடு இருந்தன. காதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். வலது காதின் மேல் விளிம்பில் சிறிய ஒரு வெட்டு.

அந்தக் காது எனக்குத் தெரியும். அதே மேசையின் கடைசியில், வடைக்குக் காத்துக்கொண்டிருந்தது. சிவானந்தனின் மகன் அபிஷன், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து காதைக் கிழித்துக்கொண்டவன்.

"தலைவர், ரோமாபுரிச் சக்கரவர்த்தி வெள்ளவத்தையிலயோ சைக்கிள் பழகினவர்?" என்று கேட்டேன்.

பேரவை குலுங்கியது. சிவானந்தனின் முகம் கறுத்தது. மகனை ஜன்னலோரம் இருத்திப் பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கிறார் மனுஷன். அபிஷன்தான் எழுந்து வந்து தகப்பனின் கையிலிருந்து காசை எடுத்தான்.

"என்ர மூஞ்சை அப்பா. நான்தான் வச்சிருக்கோணும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அங்கிள், தேச்சா இது போகுமோ?"

"ஐம்பது வருஷம் விடாமத் தேய்க்கோணும். உங்கட அப்பா கீறினது எல்லாம் போயிரும். பிறகு நல்ல காசு."

"சரி. இண்டைக்கே தொடங்குறன்" என்று பெருவிரலால் தேய்த்துக்கொண்டே போய் இருந்தான். அதன் பிறகு காசு அவன் சட்டைப் பையிலேயே கிடந்தது. யோசிக்கும்போது பெருவிரல் தானாகவே அதைத் தேடிப் போகும். சர், சர் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தகப்பன் உரையாற்றும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. யாராவது ஒருவர் கவனித்துக் கேட்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

யுத்தம் முடிவதற்கு முந்திய வருடம், ஒரு பின்னேரம் அபிஷன் வகுப்புக்கென்று இறங்கிப் போனான், திரும்பி வரவில்லை. ஒழுங்கை முனையில் ஒரு வான் வண்டி நின்றதாகக் கடைக்காரர் சொன்னார். பிறகு, தான் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அவ்வளவுதான் தெரியும். இன்றுவரை அவ்வளவுதான் தெரியும். தாய் கௌரி போகாத அலுவலகம் இல்லை, நிற்காத வரிசை இல்லை. தகப்பன் தன் காசுப் பெட்டகத்தில், வெல்வெட் விரித்த தட்டில், அந்தக் காசுக்கென ஒரு குழியை வெறுமையாக விட்டு வைத்தார். பேரவை கலைந்தது. கலைத்தது நாங்கள் அல்ல. தலைவர் உரையாற்றுவதை நிறுத்தியதும் அது தானாகவே இல்லாமல் போயிற்று.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் படியேறிய ஞாயிறுக்கு முன், கிழமை நடுவில் அவர் ரெலிபோன் எடுத்தார்.

"கிளறன்ஸ், ஆரோ எனக்கு விசர் விளையாட்டுக் காட்டுறாங்கள். காசு திரும்பி வந்திருக்கு."

"எந்தக் காசு, தலைவர்?"



"நீர் சிரிச்ச காசு."

பிறகு அவசரமாகச் சொன்னார். பெட்டகத்தைத் திறந்தபோது அந்த வெறுங்குழிக்குள் காசு கிடந்ததாம். பூட்டின் திறப்பு எப்போதும் அவரிடந்தான். மகள் சுபோதினி கனடாவிலிருந்து கடதாசியெல்லாம் சரிப்படுத்திவிட்டாள், இரண்டு பேரும் போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் காசைக் கண்ட நாளிலிருந்து கௌரி வரமாட்டேன் என்று நிற்கிறா.

"நீர் வந்து பாரும். போலி எண்டா அவளுக்கு முன்னால போலி எண்டு சொல்லும். நான் சொன்னா அவள் நம்பாள். நீர் ஆருக்கும் முகம் பாத்துக் கதைக்காத ஆள் எண்டு அவளுக்குத் தெரியும்."

முப்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

கம்பிக் கதவைத் திறந்தது கௌரி அக்கா. மெலிந்து போயிருந்தா. அழுதழுது இருப்பா என்று நினைத்து, அதற்கேற்ற முகம் ஒன்றை நான் படியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. விருந்தாளி வந்திருக்கும் வீட்டுக்காரியின் பரபரப்பு அவவிடம் இருந்தது.

"வாங்கோ தம்பி. மெல்லக் கதையுங்கோ" என்றா.

"ஆராவது படுத்திருக்கினமோ அக்கா?"

அவ தேத்தண்ணி வைக்கப் போனா.

சிவானந்தன் சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரியோடு இருந்தார். கழுத்துப் பட்டன்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. இருட்டுக்குள்ளும் தலைமை தாங்குவதற்கு ஆயத்தமானவர் போல.  காசுத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"பாரும்."

வரிசை வரிசையாகச் சக்கரவர்த்திகள். நடுவில், முன்பு வெறுமையாக இருந்த குழிக்குள், ஒரு காசு. சுற்றியிருந்த வெல்வெட் நனைந்து கறுத்திருந்தது.

"தண்ணி ஊத்தினீங்களோ?"

"நான் ஒண்டும் ஊத்தேல்ல. துடைக்கத் துடைக்க வருது."

மண் மணம் இப்போது மேசையிலிருந்து வந்தது.

காசை எடுத்தேன். குளிர்ந்து கிடந்தது. பல்கனிக் கதவோரம், கடலின் சாம்பல் வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு, கைபேசி லைட்டையும் பிடித்துக்கொண்டு லென்ஸைக் கண்ணில் வைத்தேன். உள்ளூர எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பழைய காசை வார்த்தெடுத்த போலியாக இருக்கும், விளிம்பில் வார்ப்பின் தையல் தெரியும், எந்த வக்கிரம் பிடித்தவன் செய்தான் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த அம்மா அழுவா. பிறகு பிளேனில் ஏறுவா.

விளிம்பில் தையல் இல்லை.

ஊசிக் கீறல்களைத் தேடினேன். கீறுகிற கை கையெழுத்து மாதிரி. எங்கே அழுத்தியது, எங்கே வழுக்கியது என்பது மாறாது. காதுக்குப் பின்னால் சிவானந்தனின் ஊசி வழுக்கிய இடம் எனக்கு நினைவிருந்தது. அது இருந்தது. காதின் மேல் விளிம்பில் அந்த வெட்டு இருந்தது.

அதே காசு.

இனித்தான் பார்க்க வேண்டியது இருந்தது. அதைப் பார்க்காமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் லென்ஸ் கண்ணில் இருந்தது.

நான் அன்று சிரித்தபோது அந்தக் கீறல்களின் அடியில் பித்தளைபோல் மினுங்கியது. இப்போது மினுங்கவில்லை. ஒவ்வொரு மயிர்க் கீறலுக்குள்ளும் பச்சை இருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றினேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பல்லுக்குத்தும் குச்சியால் சுரண்டிப் பார்த்தேன். அசையவில்லை. பூசியது அல்ல. உலோகத்தில் தானாக வளர்ந்த களிம்பு.

கையில் புழங்கும் காசு அப்படிப் பச்சை பிடிக்காது. சட்டைப் பையில் கிடக்கும் காசு கறுக்கும், மழுங்கும், எண்ணெய் பிடித்து மினுங்கும். இந்தப் பச்சை வளர வேறொரு இடம் வேண்டும். ஈரம் வேண்டும். காற்றில்லாமல், ஆள் தொடாமல், வருடக்கணக்காகக் கிடக்க வேண்டும்.

காதின் வெட்டுக்குள் ஒரு மணல் துணிக்கை இருந்தது. களிம்பு அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது.

கன்னத்தைப் பார்த்தேன். பெருவிரல் தேய்த்த தேய்மானம் கொஞ்சந்தான் இருந்தது. அவன் தொடங்கிய அளவு. அதற்குப் பிறகு யாரும் தேய்க்கவில்லை.

வான் நின்ற அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கிறது. அன்றைக்கு, அல்லது அந்தக் கிழமைக்குள். இந்தக் காசு சட்டைப் பைக்குள் இருந்தபடியே மண்ணுக்குள் போயிருக்கிறது.

எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பெரியவர்கள் சொல்லாத பதில், ஐந்து ரூபாய்க் குற்றியளவில் என் உள்ளங்கையில் ஈரமாகக் கிடந்தது.

நான் நிமிர்ந்தேன். சிவானந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில், மேசையில், அவருடைய லென்ஸ் கிடந்தது. மூடி திறந்திருந்தது.

அவருக்குத் தெரியும். தான் கீறிய கீறலுக்குள் அவர் பார்க்காமலா இருந்திருப்பார். அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல முடியாமல், அதைச் சொல்லக்கூடிய ஒரு வாயைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரவழைத்திருக்கிறார்.

அப்போதுதான் அது கேட்டது.

சர்.

பின்னறையிலிருந்து. கதவு சாத்தியிருந்த அறை.

சர். சர்.

"எலி" என்றார் சிவானந்தன், உதடு மட்டும் அசைய.

"எலி உப்பிடிச் சுரண்டாது, தலைவர்."

"தெரியும்."

உலோகத்தில் பெருவிரல் போகும் சத்தம். அவசரமில்லாமல், எதையோ யோசித்துக்கொண்டு. ஆனால் காசு என் கையில் இருந்தது. அறைக்குள் தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

என் உள்ளங்கையைப் பார்த்தேன். காசின் மேல் ஈரம் ஒரு பக்கமாக விலகிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் துடைப்பது போல. சர். திரும்ப ஈரம் கூடியது. சர். திரும்ப விலகியது.

கையை உதறியிருப்பேன், அதற்குள் கௌரி அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து எனக்கு முன்னால் நின்றா.

இவ்வளவு நேரமும் மெல்லக் கதையுங்கோ என்று சொன்ன மனுஷி, இப்போது குரலை உயர்த்தினா. எனக்காக உயர்த்தியது போல் இல்லை. பின்னறைக் கதவுக்குக் கேட்க வேண்டும் என்பது போல.

"சொல்லுங்கோ தம்பி. இவ்வளவு நாளும் இந்தக் காசு கையில இருந்ததோ, மண்ணில இருந்ததோ?"

சத்தம் நின்றது.

கடலும் நின்றது போல் இருந்தது. மெழுகுதிரிச் சுடர் அசையவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் கள்ளமாக ஒட்டுக் கேட்பவன் இருக்கிறான் என்பது முதுகுக்குத் தெரியுமே, அப்படித் தெரிந்தது.

சிவானந்தன் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் அவர்களுடைய முகத்துக்கு நேரே உண்மை சொல்லியிருக்கிறேன். பேரவைக்கு வரும் ஹாஜியார் ஸவாஹிர் தன் பேரப்பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தங்கக் காசைப் பார்த்து, இது இங்கே மருதானையில் அடித்த போலி என்று வடையைக் கடித்துக்கொண்டே சொன்னவன் நான். உண்மை என்பது அவ்வளவு லேசாக என் வாயிலிருந்து வரும்.

"கையிலதான் அக்கா" என்றேன். "கையில இருந்த காசு."

"வடிவாப் பாத்தீங்களோ?"

"ஓம். மனுஷக் கைச்சூடு படாமக் காசு இப்பிடி வராது."

"கன காலமோ?"

"கன காலம். இப்பவரைக்கும்."

கௌரி அக்கா தட்டை மேசையில் வைத்தா. கிண்ணங்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன. பெரிய மூச்சு ஒன்று விட்டா.

"கேட்டியளே" என்றா புருஷனிடம், அதே உரத்த குரலில். "கையில இருந்ததாம்."

சிவானந்தன் கண் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

கதவுக்குப் பின்னால், முதலில் தயங்கி, பிறகு பழைய தாளத்தில்,

சர். சர்.

நான் தேத்தண்ணியைக் குடித்தேனா என்று நினைவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படி இருட்டாக இருக்கும் என்று கௌரி அக்கா ரோர்ச் லைட்டோடு கூட வந்தா. மூன்றாம் மாடிக்கு வந்ததும் மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, லைட்டை அணைத்தா.

"தம்பி" என்றா இரகசியமாக. "நல்ல காலம் மண் எண்டு சொல்லாமல் விட்டீங்கள்."

"அக்கா, நான்..."

"எனக்குத் தெரியும். காசு வந்த அண்டே நான் மணந்து பாத்தனான். பெத்தவளுக்கு லென்ஸ் ஏன்?"

கீழே எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவர் உங்களைக் கூப்பிட்டிட்டன் எண்டு சொன்ன உடன எனக்கு நெஞ்சு பதறிப் போச்சு. நீங்கள் உள்ளதைச் சொல்லுற ஆள். சொல்லியிருந்தா அவன் கேட்டிருப்பான்."

"ஆர்?"

அவ என் முழங்கையைப் பிடித்தா. கை சில்லென்று இருந்தது.

"அவனுக்குத் தெரியாது, தம்பி."

நான் மேலே, வந்த வழியைப் பார்த்தேன்.

"தெரியாமத்தான் வந்து நிக்கிறான். வகுப்பு முடிஞ்சு வந்த மாதிரி. சட்டை எல்லாம் மண். ஏன் அம்மா நரைச்சுப் போனீங்கள் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு. நான் என்னெண்டு சொல்லுறது? நீ உயிரோட இல்லையடா எண்டு பெத்த தாய் சொல்லலாமோ?"

"அப்ப கனடா?"

"கொண்டு போகலாமெண்டா கொண்டு போவன். இவ்வளவு தூரம் தேடி வந்தவனைப் பூட்டிப்போட்டுப் போக ஏலுமே? ஏன் என்னை விட்டிட்டுப் போகினம் எண்டு யோசிக்கத் தொடங்கினா, பிறகு அவனுக்கு எல்லாம் விளங்கியிரும்."

லைட்டைத் திரும்பப் போட்டா. கண்ணில் ஈரம் இல்லை. முகத்தில் அந்தப் பரபரப்புத்தான், விருந்தாளி வந்த வீட்டுக்காரியின் பரபரப்பு.

"மழையில நனையாமப் போங்கோ. நான் போறன். தனிய விட்டா அவனுக்குப் பிடிக்காது."

நான் தெருவுக்கு வந்தபோது கரண்ட் வந்துவிட்டது. ஒழுங்கை முழுதும் ஜன்னல்கள் எரிந்தன. நான்காம் மாடியில் பின்னறை ஜன்னல் மட்டும் எரியவில்லை. அதன் கண்ணாடியில் உள்பக்கமாக நீர் கோத்திருந்தது. யாரோ அதற்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடுவது போல, நீராவி பரந்து, சுருங்கி, பரந்தது.

அதன் பிறகு சில மாதங்கள் நான் வெள்ளவத்தைப் பக்கம் போகவில்லை. பஸ் அவ்வழியால் போனாலும் கடல் பக்கம் பார்க்காமல் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் சிவானந்தன் ரெலிபோன் எடுத்தார். கனடாப் பயணம் சரிவராது என்று சுபோதினிக்குச் சொல்லிவிட்டாராம். அவள் அழுதாளாம். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பேரவை மீண்டும் இயங்கத் தொடங்கியிருப்பதாக அறிவித்தார்.

"ஆர் ஆர் வருகினம் தலைவர்?"

"நீர் ஒருக்கா வாரும்" என்றார்.

போனேன். இம்முறை பகல், நல்ல வெய்யில், லிப்ட் வேலை செய்தது. நான்காம் மாடிக் கதவு திறந்தபோது அதே மணம் முகத்தில் வந்து மோதியது. இப்போது அதற்குள் புழுக்கிய மாவின் மணமும் கலந்திருந்தது. கௌரி அக்கா அடுப்படியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தா. இரண்டு கிழங்கள் தின்னக்கூடிய அளவு அல்ல அது. இளந்தாரி ஒருவன் உள்ள வீட்டின் அளவு.

பின்னறைக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது.

"கொன்ஸ்ரன்ரைன் சக்கரவர்த்தியின்ர தாடையைக் கவனி. இளமையில அடிச்ச காசில தாடை இப்பிடி இராது..."

கதவு சற்றே திறந்திருந்தது. உள்ளே சிவானந்தன் கதிரையில், கழுத்துவரை பட்டன் பூட்டிய வெள்ளைச் சட்டையில், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே கட்டில். கட்டில் விரிப்பில் ஒரு பள்ளம், ஆள் இருப்பது போல, ஈரமாக. தலைவர் இடையிடையே பேச்சை நிறுத்தினார். கேட்டார். தலையசைத்தார். ஒரு இடத்தில் சிரித்தார். வருடக்கணக்காக அவர் உரையாற்றியதைக் கேட்டவன் நான். ஒருமுறைகூட மற்றவர் சொல்வதற்காக அவர் நிறுத்தியதில்லை.

பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. இடையில் எழுந்து போகாத சபையோர் ஒருவழியாகக் கிடைத்துவிட்டார் என்று. அதை விழுங்கிக்கொண்டேன். 

கௌரி அக்கா மாக் கையைத் துடைத்துவிட்டுப் பெட்டகத் திறப்பை நீட்டினா.

"காசை நீங்கள் ஒருக்காப் பாக்கோணும் எண்டு இவர் சொன்னவர்" என்றா, குரலைத் தாழ்த்தாமல். இப்போது அந்த வீட்டில் எதையும் மெல்லச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பின்னறைக்குள் தலைவரின் குரலுக்கு அடியில், முன்பு கடையின் மேல்மாடியில் கேட்டது போலவே, அது கேட்டுக்கொண்டிருந்தது. சர். சர்.

முன்னறையில் பெட்டகத்தைத் திறந்தேன். தட்டை இழுத்தேன். காசை எடுத்தேன்.

சத்தம் நின்றது.

தலைவரும் நிறுத்திவிட்டார். "பொறு, பொறு" என்று யாரையோ சமாதானப்படுத்தினார். "கிளறன்ஸ் அங்கிள்தான். பாத்திட்டுத் தருவார்."

வெளிச்சத்தில் பிடித்து லென்ஸை வைத்தேன். கீறல்களின் அடியில் பச்சை அப்படியே இருந்தது. மணல் துணிக்கை இருந்தது. ஆனால் மேட்டுப் பகுதிகளில், கன்னத்தில், நெற்றியில், காது விளிம்பில், களிம்பு போய்விட்டது. அந்த இடங்கள் கறுத்து, மழுங்கி, எண்ணெய் பிடித்து மினுங்கின. அரத்தால் அராவினால் கோடு தெரியும். அமிலம் ஊற்றினால் பொரிந்திருக்கும். இது அவை அல்ல. என்னிடம் யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் தயங்காமல் சொல்லியிருப்பேன். மனுஷக் கை. பெருவிரல். தினமும்.

தகப்பன் கீறிய மயிர்ச் சுருள்களில் முதலாவது மெல்ல அழியத் தொடங்கியிருந்தது.

ஐம்பது வருஷம் என்று நான்தான் சொன்னேன்.

லென்ஸை எடுத்த பிறகுதான் கவனித்தேன். காசு குளிர்ந்திருக்கவில்லை. பூட்டிய பெட்டகத்துக்குள்ளிருந்து எடுத்த காசு, யாரோ இப்போதுதான் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தது போல், இளஞ்சூடாக இருந்தது.

குழிக்குள் திரும்ப வைத்தேன். தட்டைத் தள்ளிப் பூட்டினேன். திறப்பைக் கௌரி அக்காவின் மாப் படிந்த உள்ளங்கையில் வைத்துவிட்டு, "நல்ல காசு அக்கா" என்றேன், உள்ளே கேட்கும்படியாக.

நான் கம்பிக் கதவைச் சாத்தி முடிக்குமுன் அது மறுபடி தொடங்கிவிட்டது.